பாடியைத் தொட்டுட்டு ஏர்பேக்கைத் தொடு

சொன்னதைச் செய்யாத ஆட்களை வைத்துக்கொண்டுகூட ஒரு பட்டறையை ஓட்டிவிடலாம். வத்தலக்குண்டு ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்த கோட்டைச்சாமிக்கு வாய்த்த மூன்று பேரும் சொன்னதை அப்படியே செய்கிறவர்கள்.

சீரங்கன், மூக்கையா, உலகநாதன் என்ற அந்த மூவரில் மூத்தவன் உலகநாதன். வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷமாகக் கிரீஸ் துணி துவைக்கிறான். யாராவது ஒரு தடவை "மேஸ்திரி" என்று கூப்பிட மாட்டார்களா என்று அவனுக்கு ஓர் ஏக்கம்.

அன்று கோட்டைச்சாமி மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உலகு, அந்த வெள்ளைக் காருக்கு ஹாரன் அடிக்கலை. ஸ்டியரிங் நடுவுல இருக்கிற ஏர்பேக்கை மட்டும் கழட்டி வையி. வெடிச்சா மூஞ்சி போயிரும், பாத்துக்க. முதல்ல பேட்டரியக் கழட்டு. பத்து நிமிஷம் பொறு. பாடியத் தொட்டுட்டு அப்புறம் அதுல கை வையி, ஒடம்புல இருக்கிற கரண்டு இறங்கிரும். கழட்டுனதும் மூஞ்சி மேல பாக்குற மாதிரி வையி. ஒழுங்காச் செஞ்சா நாளையிலேர்ந்து நீதான் மேஸ்திரி. சொதப்புன, சாகுற வரைக்கும் கிரீஸ் துணிதான்."

உலகநாதன் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்துகொண்டான்.

"எந்த பேட்டரின்னு சொல்லலையே?" என்றான் சீரங்கன், முதலாளி கிளம்பிப் போனதும்.

"எல்லாத்தையும் கழட்டிட்டா, அவரு சொன்னதும் அதுக்குள்ள வந்துரும்ல," என்றான் மூக்கையா.

கார் பேட்டரி கழன்றது. டார்ச் லைட், பக்கத்து டீக்கடை டிவி ரிமோட், பட்டறைச் சுவர்க் கடிகாரம், எல்லாம் கழன்றன. பிறகு மூவரும் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்து நிமிஷம் பொறுத்தார்கள். மணி பதினொன்று பத்து.

இரண்டு தடவை டீ வந்தது. மணி பதினொன்று பத்து.

"முதலாளி இல்லாத அன்னைக்கு நேரமும் வேலை செய்ய மாட்டேங்குது பாரு," என்றான் சீரங்கன்.

பசி தாங்காமல் மூக்கையா ஸ்டூலில் ஏறி முள்ளைப் பத்து நிமிஷம் தள்ளிவிட்டான். அப்பாடா என்று எழுந்தார்கள்.

"இப்ப பாடிக்கு எங்க போறது?"

உலகநாதனின் நல்ல நேரம், பின் தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது. தேங்காய் மண்டிக்காரர் காலையில்தான் தவறியிருந்தார். ஒரு மாலை வாங்கிக்கொண்டு மூவரும் போனார்கள். போனால், பாடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

"பெட்டியத் தொட்டாப் போதாதா?" என்றான் மூக்கையா.

"முதலாளி பெட்டின்னா சொன்னாரு?" என்றான் சீரங்கன்.

மேஸ்திரி பதவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறதே என்று உலகநாதனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியில் முட்டிக்கொண்டு கதறினான். இறந்தவரின் மகன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். "அண்ணே, அப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?"

"ஏர்பேக் கழட்டணும்ங்க!"

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது போலும் என்று அவர் மூடியைத் திறந்துவிட்டார். மூவரும் வரிசையாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

வாசலில் அடுத்த சிக்கல்.

"சாவு வீட்டுக்குப் போயிட்டுக் குளிக்காம காரத் தொடலாமா? தீட்டு," என்றான் சீரங்கன்.

"குளிச்சா, பாடியத் தொட்டது கழுவிட்டுப் போயிருமேடா," என்றான் மூக்கையா.

கடைசியில் உலகநாதன் தீர்ப்புச் சொன்னான்: "தொட்ட கையை மட்டும் தூக்கிட்டுக் குளிப்போம்."

பஞ்சாயத்துக் குழாயடியில், மூன்று பேர் வலது கையை வானத்துக்கு நீட்டியபடி இடது கையால் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். வழியில் போன ஒருத்தர், ஏதோ போராட்டம் என்று நினைத்துத் தானும் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

ஈர வேட்டியோடு ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த இரண்டு போல்ட்டையும் கழற்றி, வயரையும் உருவினார்கள். ஏர்பேக் சமர்த்தாகக் கையோடு வந்தது. இனி மூஞ்சி மேலே பார்க்க வேண்டும். மூவரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே அதை மேஜைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மேஜை தட்டுப்படவில்லை. காருக்கு அடியில் வேலை பார்க்கிற குழி தட்டுப்பட்டது. மூக்கையா மல்லாக்க உள்ளே போனான். அவன் வயிற்றின் மேல் ஏர்பேக் வந்து பூப்போல உட்கார்ந்தது. அவன் மூஞ்சி மட்டும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கோட்டைச்சாமி வந்து குழியை எட்டிப் பார்த்தார். ஏர்பேக்கில் ஒரு கீறல் இல்லை. அவருக்கே நம்ப முடியவில்லை. "எப்பிடிடா கழட்டுனீங்க?"

உலகநாதன் ஆதியோடந்தமாகச் சொன்னான். கதையில் கண்ணாடிப் பெட்டி வரும்போது கோட்டைச்சாமி பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் மேஸ்திரிதானே முதலாளி?"

"மேஸ்திரி என்னடா மேஸ்திரி! இந்தப் பட்டறையையே ஒந்தலையில கட்டிட்டு நான் எங்கிட்டாவது போயிர்றேன், போ!"

உலகநாதனுக்குக் கண் கலங்கியது. மேஸ்திரிப் பதவிக்கு ஏங்கியவனுக்கு முழுப் பட்டறையே கிடைக்கிறது. ஆனாலும் அவன் பட்டறையை ஒரு சுற்று பார்த்தான். இரும்புக் கேட்டு, நாலு தூண், தகரக் கூரை. கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"கட்டிக்கிறேன் முதலாளி. ஒரே ஒரு வேண்டுகோள்... தகரத்தை மட்டும் பிரிச்சுத் தனியாக் கட்டலாமா? மொத்தமா வச்சா கழுத்து தாங்காது."

கோட்டைச்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சீரங்கன் ஸ்பேனரோடு கூரையில் ஏறி முதல் போல்ட்டைக் கழற்றியிருந்தான். கீழே, குழியிலிருந்து ஏறி வந்த மூக்கையா உலகநாதனின் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான்.