எண்பத்தேழு மைகள்

பாளையங்கோட்டையில் பேனாப் பைத்தியங்கள் பதினோரு பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெஜினா டீச்சர் வீட்டு மாடியில் கூடுவார்கள். மைப்பேனாக்களை மேசையில் பரப்பி, புதுப்புது மைகளை எழுதிப் பார்த்து, பசியை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். டீச்சருக்கு நாற்பது வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறார். மையைப் பற்றி அவர் ஒன்று சொல்லிவிட்டால் அங்கே மறுபேச்சு கிடையாது.

சீடர்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். அறுபத்து மூன்று வயது, நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வு பெற்ற இன்ஜினியர். எந்த அதிகாரிக்கும் வளையாத மனுஷன், டீச்சர் முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகும் அவர் கிளம்பவில்லை.

"டீச்சர், ஒரு கடுதாசி எழுதணும். என்ன கலர் மையில எழுதலாம்னு கேக்கத்தான் நிக்கேன்."

"யாருக்கு சார்?"

"மகளுக்கு."

டீச்சர் பேனாக்களை மூடுவதை நிறுத்தினார். விஷயம் அவருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டாள். இந்த வீட்டில் இனி அவள் பேரை யாரும் சொல்லக் கூடாது என்று நயினார் சத்தம் போட்டார். ஆறு வருஷமாக யாரும் சொல்லவில்லை, அவர் உட்பட. இப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்திருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஃபோன்ல பேசலாமே சார்."

"அழுதுருவேன் டீச்சர்."

"சரி, எந்த மை நினைச்சிருக்கீங்க?"

"அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கேன். கருப்பு வேண்டாம், கருமாதிக் கடுதாசி மாதிரி இருக்கும். சிவப்புல எழுதினா அவ தப்பைத் திருத்துத மாதிரி ஆயிரும். நீலம்னா ஆபீஸ் மெமோ. எனக்கு மெமோ எழுதித்தான் பழக்கம். கையில எண்பத்தேழு கலர் இருக்கு, ஒண்ணுகூட அமையல. கடுதாசி ஒரு வரி நகரல."

"மை நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவராமல் இருப்பாரா? மைப் பித்துப் பிடித்த எல்லோரிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். பக்கத்துக்கு ஒரு மை. மேலே மையின் பெயரும் தேதியும், கீழே அந்த மையால் எழுதிப் பார்த்த ஒரு சொல். சிலர் தங்கள் கையெழுத்தைப் போடுவார்கள். சிலர் பிள்ளையார் சுழியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

டீச்சர் புரட்டினார். மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, ராமர் பச்சை. நோட்டைச் சற்றுச் சாய்த்தபோது ஒரு நீல மையின் மேல் செம்பு நிறம் மினுங்கியது. நாலு பக்கம் வேகமாகப் புரட்டியவர் அப்புறம் மெதுவானார். அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் நின்றார். அவர் முகம் மாறிப்போனதைப் பார்த்து நயினார் நோட்டை எட்டிப் பார்த்தார். மை ஏதும் கசிந்து பாழாகிவிட்டதோ என்று நினைத்தார்.

"எல்லாப் பக்கத்துலயும் 'எழிலி'ன்னு எழுதியிருக்கீங்க. மக பேரா?"

"ஆமா. அது சும்மா, நிப்பு ஓட்டம் பாக்கதுக்கு டீச்சர். ழகரத்துல வளைவு ஜாஸ்தி. மை எங்க தேங்குது, எங்க மெலியுதுன்னு தெரிஞ்சுரும்."

"'பழம்'னு எழுதியிருக்கலாமே சார்."

அவர் நோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

டீச்சர் நோட்டை அவர் பக்கம் திருப்பி, முதலிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். முதல் பக்கத்தில் கல்யாணம் முடிந்த எட்டாம் நாளின் தேதி. பிறகு ஒரு தீபாவளியன்று, கத்தரிப்பூ நிறத்தில் எழிலி. அவள் பிறந்தநாளில், மாம்பழ மஞ்சளில் எழிலி. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன மறுநாள், கோணல்மாணலாக, பச்சையில் எழிலி. நயினார் அந்த நோட்டை நூறு தடவை பார்த்தவர்தான். மையைத்தான் பார்த்திருந்தார். இப்போதுதான் பேரைப் பார்க்கிறார். இத்தனை தடவை கூப்பிட்டது இந்தக் கைதானா என்று தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், பழைய கேள்வியையே கேட்டார்.

"அப்போ எந்தக் கலர்ல எழுத, டீச்சர்?"

டீச்சர் நோட்டை மூடி, ஒரு பெரிய கவருக்குள் வைத்து ஒட்டினார். கைக்கு வந்த ஒரு பேனாவைத் திறந்து கவரின் மேல் பிடித்தார்.

"கடுதாசி எழுதியாச்சு சார். விலாசத்தைச் சொல்லுங்க."