கேண்டீனுக்குப் போன கச்சேரி

நம்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். நம்பாதவர்கள் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பொய்கைமேட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓர் இசைத்துறை இருந்தது. அதற்குத் தலைவர் பூவராகன். வீணை சொல்லிக்கொடுக்கக் கோமளவல்லி அம்மாள், தாளம் சொல்லிக்கொடுக்கத் திருவேட்டை. மூன்று பேரும் தங்கமானவர்கள். ஒரு வேலை சொன்னால், சொன்னது எதுவோ அதை அப்படியே செய்துவிடுவார்கள். அதுதான் தொல்லை.

மார்கழி வந்தால் அங்கே கச்சேரி விழா நடக்கும். அந்த வருஷம் முதலில் வந்த பாடகர், "மேடையில எனக்கு வெந்நீர் வேணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்து பார்த்தால் மேடை நடுவே அண்டா நிறைய ஆவி பறக்கும் வெந்நீர், பக்கத்தில் சோப்பு, துண்டு. "முதல்ல குளிச்சிடறீங்களா, பாடிட்டுக் குளிக்கறீங்களா?" என்று திருவேட்டை பணிவாகக் கேட்டார். பாடகர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அடுத்து ஒரு வயலின்கார அம்மா. "ஃபேன் காத்து என்மேல படக்கூடாது" என்றார். ஃபேனை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வகுப்பிலிருந்து கரும்பலகையைத் தூக்கிவந்து அவர் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டார்கள். சபைக்குத் தெரிந்ததெல்லாம் கரும்பலகையும் அதற்குமேல் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் வில்லின் நுனியும்தான். அந்த அம்மாவும் பாதியில் போய்விட்டார்.

துணைவேந்தர் பூவராகனைக் கூப்பிட்டார்.

"இதோ பாருங்க. மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கச்சேரி. அதுவும் பாதியில நின்னுதுன்னா, உங்க அரங்கத்தைப் பூப்பந்துக்காரங்களுக்குக் கொடுத்துடுவேன். அவங்க ஏற்கெனவே வலையோட வாசல்ல நிக்கறாங்க."

பார்த்தால் உண்மையாகவே நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசிக் கச்சேரிக்கு வரவேண்டியவர் மிருதங்க வித்வான் ஆலங்காடு அமிர்தகடேசன். அவருக்கு ஒரு மனக்குறை. கச்சேரி நடுவில் பாடகர் ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் நேரம் வருமல்லவா, தனி ஆவர்த்தனம்? அது ஆரம்பித்ததுமே சபையோர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஆயுசு முழுக்க அவர் முதுகுகளுக்குத்தான் வாசித்திருக்கிறார். அதனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நான் தனி வாசிக்கும்போது ஒருத்தர்கூட அரங்கத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஒருத்தர் போனாலும் நானும் எழுந்து போயிடுவேன்."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"கதவைப் பூட்டிடலாம்" என்றார் திருவேட்டை.

"பூட்டிட்டா, வெளியே போறவங்க எப்படிய்யா போவாங்க?" என்றார் பூவராகன்.

"போகக்கூடாதுன்னுதானே சார் பூட்றோம்?"

"அது சரி. ஆனா போகணும்னு இருக்கறவங்களுக்கு மனசு கஷ்டப்படுமே!"

"அப்ப கேண்டீனை மூடிடலாம்."

"மூடினா, மூடியிருக்கான்னு பார்க்க அத்தனை பேரும் போவாங்க" என்றார் கோமளவல்லி அம்மாள். பிறகு கூரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "சார், கச்சேரியைக் கேண்டீன்லயே வச்சா என்ன? கேண்டீன்ல உக்காந்திருக்கறவன் கேண்டீனுக்கு எப்படி சார் எழுந்து போவான்?"

பூவராகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அம்மா, இவ்வளவு அறிவை நம்ம துறை தாங்காது."

கச்சேரி நாள். தோசைக்கல்லைத் தள்ளிவிட்டு அங்கே மேடை போட்டார்கள். வித்வானுக்குச் சந்தேகம்தான். "இதுவா அரங்கம்?" என்றார். "இன்னிக்கு உங்களுக்காக இங்கே" என்றார் பூவராகன். கூட்டம் நிறைந்துவிட்டது. துணைவேந்தர் முன்வரிசையில், இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில். அன்றைக்குப் பாட வந்தவர் பாடி நிறுத்தினார். அமிர்தகடேசன் கண்ணை மூடி, மிருதங்கத்தில் முதல் தட்டுத் தட்டினார்.

அவ்வளவுதான். பழக்கம் பொல்லாதது பாருங்கள், மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. முதலில் எழுந்தவர் துணைவேந்தர்.

வாசலுக்கு வந்ததும் எல்லாருக்கும் குழப்பம். "எங்கே போறது? கேண்டீன்லேருந்துதானே வர்றோம்?"

திருவேட்டைதான் வழி சொன்னார். "தனி வந்தா கச்சேரி நடக்கற இடத்தை விட்டுப் போகணும். கச்சேரி இங்கே நடக்குது. அப்ப அரங்கத்துக்குப் போவோம்."

போனார்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்து காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேண்டீன் மாஸ்டர் பக்கிரி காபித் தூக்கோடு பின்னாலேயே வந்து, அவரும் ஓர் இடம் பிடித்துக்கொண்டார்.

அமிர்தகடேசன் கண்ணைத் திறந்தார். எதிரே இட்லிக் குண்டான் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் பாய்ந்தார்.

"என்னய்யா பூவராகன், நான் என்ன சொன்னேன்?"

"ஒருத்தர்கூட அரங்கத்தை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு சொன்னீங்க. ஒருத்தராவது போயிருக்காங்களா, நீங்களே பாருங்க. இவ்வளவு நேரமா வெளியே இருந்தது நீங்க ஒருத்தர்தான். நிபந்தனை போட்டவரே மீறினா எப்படிங்க?"

வித்வான் பார்த்தார். நாற்காலிக்கு நாற்காலி ஆள். எல்லாம் முகங்கள். முதுகு ஒன்றுகூட இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு என்மேலதான்" என்று சொல்லி மேடையேறி உட்கார்ந்து, ஒரு தட்டுத் தட்டினார்.

கூட்டம் எழுந்தது. கேண்டீனுக்கு நடந்தது.

ஒருத்தர் போனாலும் எழுந்து போவேன் என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா? அமிர்தகடேசனும் எழுந்தார். மிருதங்கத்தை அங்கவஸ்திரத்தால் கழுத்தில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் ஓடினார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் கேண்டீனில் தயாராக உட்கார்ந்திருந்தார். கூட்டம் வந்து உட்கார்ந்தது. தட்டினார். எழுந்தது. மறுபடி அரங்கத்துக்கு ஓடினார். எந்தப் பக்கம் போனாலும் அவர் முன்னால் முகம்தான். கச்சேரி பாதியில் நிற்கவில்லை. நிற்க வழியே இல்லை.

பூப்பந்துக்காரர்கள் நடுவழியில் நின்று, கூட்டம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வருவதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவர்களுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கொண்டுவந்த வலையை அங்கேயே குறுக்கே கட்டிவிட்டார்கள். துணைவேந்தர் அதற்கடியில் குனிந்து ஓடினார்.

"சார், யார் ஜெயிக்கறாங்க?" என்று கேட்டான் அவர்களில் ஒருவன்.

பூவராகன் மூச்சிரைக்க நின்று, நியாயமாக யோசித்துச் சொன்னார்:

"இப்போதைக்குக் கேண்டீன்தான் முன்னால இருக்கு தம்பி. ஆனா அரங்கத்தைச் சாதாரணமா நினைச்சுடாதே. தனி இன்னும் முடியலை!"