ஐயா பேர் ஒரு ரூவா

எங்கள் சபையில் காணிக்கைப் பெட்டியில் விழுவது கரண்ட் பில்லுக்கே காணாது. அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிற காய்கறி, கோழிகளை ஏலம் போட்டு வருகிற பணத்தில்தான் ஏழை வீடுகளுக்கு வருஷம் முழுக்க அரிசி கொடுக்கிறோம். ஏலம் போடுகிறவர் கோயில் மணியடித்துப் பெருக்குகிற ஞானாபரணம். காலையிலிருந்து கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

மர வியாபாரி அருமைநாயகம், சபைக் கமிட்டியின் பெரிய ஆள், வெம்பிய பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இன்னைக்கு இதுதான் அதிக விலைக்குப் போகணும். இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

அதுவரை அதிகமாகப் போனது ஒரு சேவல், எண்ணூறு ரூபாய். பூசணிக்கு யாரும் வாய் திறக்கவில்லை. சபை அரிசியில் கஞ்சி குடிக்கிற ரூத்தம்மாள் மட்டும் பின்னாலிருந்து, "ஒரு ரூவா" என்றாள்.

ஞானாபரணம் பெருமூச்சு விட்டார்.

"பூசணி எங்கயும் கிடைக்கும். இது அருமைநாயகம் ஐயா பேர் உள்ள பூசணி. ஐயா பேர் ஒரு ரூவா, ஒரு தரம்! ஐயா பேர் ஒரு ரூவா, ரெண்டு தரம்!"

சபை சிரித்தது. ஐயாவே துள்ளி எழுந்தார். "ஐநூறு!"

"ஐயா பேர் சேவலுக்குக் கீழே, ஒரு தரம்! சேவலுக்குக் கீழே, ரெண்டு தரம்!"

"ஆயிரம்டா!"

"ஆயிரம், மூணு தரம்!" மேசையில் தட்டிவிட்டார்.

"என் காயை என்னையே வாங்க வச்சிட்டியே?"

"நான் என்ன செய்ய ஐயா? உங்க பேருக்கு அவ்வளவு விலை கொடுக்க இங்க வேற ஆள் இல்லையே."

ஐயா பணத்தை வைத்துவிட்டுப் பூசணியை எடுக்காமலே போனார். ஞானாபரணம் ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு அடுத்த காணிக்கையைத் தூக்கினார். இன்னொரு கமிட்டி ஐயா கொடுத்த சுரைக்காய். அதுவும் வெம்பல்தான்.