ஊதா விளக்கும் பாதித் தம்ளர் பானகமும்

மொழியம்மையிடம் பால்வண்ணம் ஒருநாள் கேட்டார்: “அம்மா, எச்சில் எச்சில்ங்கிறோமே, அதுல அப்படி என்னதான் இருக்கு?”

“நீரே சொல்லும்வே. நீர்தானே இதையெல்லாம் வாசிக்கிறவர்.”

பால்வண்ணம் ஆரம்பித்தார். வாயில் குடியிருக்கிற கிருமி, மூக்கிலிருந்து வந்துபோகிற கிருமி, பல்லிடுக்கில் பரம்பரையாக வாழ்கிற கிருமி என்று வம்சாவளி வாசிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். கேட்டபடியே அம்மை சாப்பிட்டு முடித்து, இலையை மடக்கி, கையும் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

“இம்புட்டுப் பேரும் எனக்குள்ளயா இருக்காங்க? மடம் பெரிசுதான்” என்றார்.

பால்வண்ணம் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை.

அம்மையின் முழுப்பெயர் குழல்வாய்மொழி. தென்காசிக்கு மேற்கே, குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்க்கிற இடத்தில் சின்னதாக ஒரு மடம். அம்மைக்கு நாற்பது தாண்டியிருக்கும். பால்வண்ணம் பொதுப்பணித்துறையில் மதகும் பாலமும் கட்டி ஓய்வுபெற்றவர். அம்மையைவிட இருபது வயது மூத்தவர். பெண்டாட்டி தவறிப்போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒருநாள் இந்தப் பக்கம் வந்தார், அம்மை பேசினதைக் கேட்டார், அப்படியே தங்கிவிட்டார். அம்மைமேல் அவர் வைத்திருந்த பக்தியில் குண்டுமணி அளவு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் தம்ளரில்தான்.

எங்கள் மடத்தில் தீட்சை என்றால் ஓமம் கிடையாது, மொட்டை கிடையாது, காவி கிடையாது. தைப்பூசத்தன்று காலையில் ஒரு தம்ளர் பானகத்தை அம்மை வாய் வைத்துப் பாதி குடிப்பார். மீதியைச் சீடர் குடிக்க வேண்டும். அதோடு முடிந்தது. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

பால்வண்ணமோ தம்ளரை உதட்டில் வைத்தே அறியாதவர். காப்பியையும் அண்ணாந்துதான் குடிப்பார். சூடு பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் வரும், அப்போதும் அண்ணாந்துதான். கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுத்தபோது பெண்ணுக்கு முந்திக்கொண்டு தான் சாப்பிட்டுவிட்டதாக அவரே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். மாமனார் வீட்டில் அவசரக்காரன் என்று பேர் எடுத்ததுதான் மிச்சம்.

மடத்துக்கு வந்த முதல் தைப்பூசத்தில் அம்மை கொடுத்த தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். கும்பிட்டார். கண்ணில் ஒத்திக்கொண்டார். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதடுவரை கொண்டுபோனார். கடைசி நேரத்தில் கண் திறந்துவிட்டது. பானகத்தில் ஒரு இஞ்சி நார் மிதந்தது. அது பாத்திரத்திலிருந்து வந்ததா, அம்மையின் பல்லிலிருந்து வந்ததா என்று அவருக்கு ஒரு சந்தேகம். அந்த வருஷமும் போயிற்று.

“அம்மா, நீங்க அண்ணாந்து குடிச்சிட்டு மீதியைத் தந்தா என்ன?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அதுக்குப் பேரு தண்ணி குடிக்கிறதுவே.”

இந்த வருஷம் அம்மை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தைப்பூசம் முடிந்த மறுநாள் காசிக்குக் கிளம்பப் போகிறாராம். திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு, போகிறவளைப் போகவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆக, பால்வண்ணத்துக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு தைப்பூசம்தான்.

அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். மடத்தில் மணி அடிக்கிற பூதத்தான்தான் போய்க் கூப்பிட்டார். எத்தனையோ ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டேன், என் உதட்டுக்கும் அந்தத் தம்ளருக்கும் நடுவில் ஒன்று போட முடியவில்லையே என்று சொல்லி, பால்வண்ணம் அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். பூதத்தானோ, வெள்ளனா வந்து சாப்பிடுங்க, ரசம் ஆறிரும் என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் பால்வண்ணம் ஊருக்குப் போய் ஒரு நீளப் பெட்டியோடு திரும்பினார். முகத்தில் தெளிச்சம். கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய விளக்காம். முழநீளக் கோல் மாதிரி இருந்தது. பொத்தானை அமுக்கினால் ஊதா நிறத்தில் எரிந்தது. நாம் பார்க்கிற ஊதா சும்மா அடையாளத்துக்குத்தான், வேலை செய்வது கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர் என்று விளக்கினார். மருந்து வேண்டாம், வெந்நீர் வேண்டாம். ஒரு இடத்தில் நிதானமாகக் காட்டினால் அங்கே இருக்கிற கிருமி அத்தனையும் ஒழிந்தது என்றார்.

கண்ணில் மட்டும் படக்கூடாது, தோலிலும் படக்கூடாது என்று எல்லாரையும் அடுப்படியிலிருந்து வெளியே விரட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கழுவின தம்ளர்களைப் பலகையில் வழக்கம்போலக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். ஒன்று விடாமல் காட்டி முடித்து, விளக்கை அணைத்துவிட்டு அம்மையைக் கூப்பிட்டார்.

அம்மை ஒரு தம்ளரை எடுத்து நிமிர்த்தினார்.

“உள்ள?”

பால்வண்ணம் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“உள்ள... படல அம்மா.”

“படலன்னா?”

“பட்ட இடத்துல மட்டும்தான் வேலை செய்யும். நிழல் விழுந்த இடத்துல ஒண்ணும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாக்கூட அதுக்கு அடியில இருக்கிறது தப்பிச்சிரும்.”

“நாங்க உள்பக்கமாத்தான்வே குடிக்கிறது” என்றார் அம்மை.

அவர் சளைக்கவில்லை. எல்லாத் தம்ளரையும் நிமிர்த்தி வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்குக் காப்பி கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் அம்மை எங்களோடு இருந்தபோது போய் நின்றார். 

“அம்மா, நீங்க குடிச்சிட்டுத் தம்ளரைக் கீழ வைங்க. நான் இதை ஒரு தடவை காட்டிட்டு எடுத்துக் குடிச்சிருதேன். தீட்சைக்குக் குறை ஏதும் வருமா?”

அம்மை சிரிப்பார் என்று நினைத்தோம், சிரிக்கவில்லை.

“காட்டும்” என்றார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாளிலிருந்தே பால்வண்ணம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ஆட்களைப் படுத்தி எடுத்துவிட்டார். பானகம் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் அடிவரை இறங்காதாம். வடிகட்டு, இன்னும் வடிகட்டு என்று வேட்டித் துணியை மடித்துக் கொடுத்து, கடைசியில் இஞ்சியும் இல்லை, ஏலமும் இல்லை, வெல்லம் கழுவின தண்ணீர் மாதிரி ஆக்கிவிட்டார். அம்மை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, மனுஷன் குடிச்சாச் சரி என்றார்.

மறுநாள் காலையில் நல்ல கூட்டம். அம்மை காசிக்குப் போகிற சேதி பரவியிருந்ததால் சுத்துப்பட்டு ஊரெல்லாம் வாசலில் நின்றது. உள்ளே கூடத்தில் அம்மை உட்கார்ந்திருந்தார். எதிரே பால்வண்ணம், முழுக்கைச் சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி.

“மாப்பிள்ளை வந்தாச்சு” என்றார் அம்மை.

பானகத்தை எடுத்தார். வாய் வைத்து, அவசரமே இல்லாமல், பாதி குடித்தார். தம்ளரைப் பலகைமேல் வைத்தார். விளிம்பில் ஈரம் மினுங்கியது. பால்வண்ணம் விளக்கை ஏற்றினார்.

விளிம்பு வட்டம். ஆகவே கையும் வட்டமாகத்தான் போக வேண்டும். போயிற்று, வலம் சுற்றி. அம்மைக்கு முன்னால் ஒரு கை விளக்கை வலம் சுற்றினால் அது எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். பூதத்தான் கை தானாகக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டது. மணிச் சத்தம் கேட்டதும் வாசலில் நின்ற கூட்டம், தீபாராதனை ஆகுது, தீபாராதனை ஆகுது என்று உள்ளே பாய்ந்தது.

ஊதா வெளிச்சத்தில் ஒரு தீபாராதனையை யாரும் அதுவரை பார்த்ததில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விளக்கை நோக்கிக் கைகள் நீண்டன. சூடத்தை ஒத்திக்கொள்வதுபோல ஒத்திக்கொள்ளத்தான்.

பால்வண்ணம் அலறிவிட்டார். பார்க்காதீங்க, கண்ணை மூடுங்க என்று கத்தினார். கண்ணை மூடிக் கும்பிடச் சொல்லுதாரு என்று முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சொன்னார். மொத்தக் கூட்டமும் கண்ணை மூடியது. கிட்ட வராதீங்க என்றார். அவ்வளவு சக்தி போலிருக்கிறது என்று இன்னும் நெருக்கியடித்தார்கள். யார் இவரு என்று பின்னால் ஒரு கிழவி கேட்டாள். ஊதாச்சாமி என்று யாரோ பதில் சொன்னார்கள். நின்ற நிலையிலேயே அவருக்குப் பட்டம் கட்டியாயிற்று.

அந்த நெரிசலுக்குள் இசக்கி என்று ஒரு பெண், கைப்பிள்ளையோடு முண்டியடித்து முன்னால் வந்துவிட்டாள். பிள்ளைக்குக் கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிப்போயிருந்தது.

“சாமி, பிறந்ததுல இருந்து கண்ணு இப்படித்தான் இருக்கு. ஒரு தடவை காட்டிருங்க சாமி” என்று பிள்ளையின் முகத்தை அப்படியே விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

பால்வண்ணம் பொத்தானை அமுக்கினார். கையுறை வழுக்கியது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் வழுக்கியது. வேறு வழி தெரியவில்லை மனுஷனுக்கு. எரிகிற விளக்கைத் தன் சட்டைக்குள் செருகி வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணாடி எங்கேயோ விழுந்தது. பிள்ளை வீறிட்டது. பிறகு, காலையிலிருந்து சப்பிக்கொண்டிருந்த கையை எடுத்து அவர் வாய்க்குள் விட்டது.

அவர் கவனிக்கவே இல்லை. பிள்ளையின் கை வாய்க்குள் இருக்க, அதைச் சுற்றியே பேசினார்.

“தாயி, இது சாமி விளக்கு இல்ல. கிருமியைக் கொல்லுத விளக்கு. கிருமி எது, பிள்ளைக் கண்ணு எதுன்னு இதுக்குத் தெரியாது. நான் சாமியும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும் தாயி. இப்பவே போகணும். நான் கூட வாரேன்.”

இசக்கி அழுதுவிட்டாள். கூட்டம் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. அப்ப நாங்க ஒத்திக்கிட்டது வீணா என்று ஒரு பெரியவர் ரொம்ப வருத்தத்தோடு கேட்டார். பால்வண்ணம் அவருக்கும் பதில் சொன்னார். எல்லாருக்கும் சொன்னார். தன் மடத்தனத்தால் வந்த வினை என்றார், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார், பஸ்ஸுக்கு ஆள் அனுப்பினார், பிள்ளை முகத்தைத் தன் மேல்துண்டால் மூடிக்கொண்டு முதுகைத் தட்டிக் கொடுத்தார். பூதத்தான் ஓடிவந்து அவர் சட்டைக்குள்ளிருந்து விளக்கை உருவி, எப்படியோ அணைத்தார். அந்த இடத்தில் வயிறு இளஞ்சிவப்பாக இருந்தது.

பேசிப் பேசி அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது. தோளில் பிள்ளை, ஒரு கைதான் ஓய்வு. அண்ணாந்தால் பிள்ளை சரிந்துவிடும். பலகைமேல் ஏதோ ஒரு தம்ளர் இருந்தது. எடுத்தார். உதட்டில் வைத்தார். ஒரே மூச்சில் அடிவரை குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பூதத்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பால்வண்ணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் கையில் இருந்த தம்ளரைப் பார்த்தார். அதைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு பலகைமேல் விழுந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா... இதுல வெளிச்சம் பட்டுச்சா?”

அம்மை எழுந்து வந்தார். பிள்ளை வடித்திருந்த ஜொள்ளு பால்வண்ணத்தின் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டார்.

“தம்ளர்ல சரியாப் படலவே. உம்மமேல பட்டிருக்கு.”