கூத்தனாற்றுத் தளபதி

கரும்பாறைச் சீமையின் வடக்கு எல்லை கூத்தனாறு. அக்கரை மேட்டுச்சீமை. அங்கிருந்து வரும் மாட்டுத் திருடர்களிடமிருந்து எல்லைக் கிராமங்களில் ஒரு தொழுவமும் தப்பியதில்லை, கொம்பையா என்ற காவல் வீரன் வரும்வரை.

ஒரு மழைக்காலத்தில் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டே ஒரு பெரிய கூட்டத்தை விரட்டியடித்தான் அவன். அரசர் அழகாத்திரி பூபதி மகிழ்ந்து அவனை எல்லைத் தளபதியாக்கினார். குதிரை வந்தது, பல்லக்கு வந்தது. எல்லைக்காரர்கள் பிள்ளைகளுக்கு அவன் பெயரையே வைத்தார்கள். அரசரின் மந்திரியான பிரதானி அனந்தப்பருக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை.

அவருக்கும் ஒரு நாள் வாய்த்தது. திருடர்களைத் துரத்திய கொம்பையா, ஆற்றைத் தாண்டிப் போய் மாடுகளை மீட்டு வந்தான். மேட்டுச்சீமையோடு அப்போதுதான் சமாதானம் ஆகியிருந்தது. அந்த நாட்டுத் தூதர் சபைக்கு வந்து குதித்தார்.

"உங்கள் தளபதி எல்லை தாண்டினான். இதற்குப் பதில் வேண்டும்."

"இவனை விட்டால் சமாதானம் போச்சு, மகாராஜா. எல்லை தாண்டியவன் தலையை அந்த எல்லையிலேயே வைத்து வெட்ட வேண்டும்" என்றார் பிரதானி.

அரசர் கொம்பையாவைப் பார்த்தார். அவன் தலை குனிந்து நின்றான். "அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர், மனமில்லாமல்.

அரசரின் குரலில் இருந்த தயக்கத்தைக் கேட்டதுமே சபை விகடர் பூவராகன் எழுந்தார்.

"பிரதானியாரே, எல்லை சரியாக எங்கே இருக்கிறது?"

"நடு ஆற்றில்."

"வெட்டுகிறவன் ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டால்?"

"அவனும் எல்லை தாண்டியவன்தான்."

"அப்போது அவன் தலையும் போகும். அவனை வெட்டப் போகிறவன் கால் வழுக்கினால் அந்தத் தலையும் போகும். இப்படியே போனால் படையில் ஆள் மிஞ்சாது. அதனால் நீங்களே நடு ஆற்றில் நின்று, இதுதான் எல்லை என்று காட்டிவிடுங்கள். வெள்ளம் கழுத்தளவுதான்."

பிரதானி இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு நீச்சல் வராது."

அரசர் மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். "சரி, தலை தப்பியது. பதவி தப்பாது. கொம்பையா, வாளை வை."

கொம்பையா வாளைக் கழற்றினான். கீழே வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்கு அந்த ஆற்றங்கரையை விட்டால் வேறு இடம் தெரியாது, மகாராஜா."

"ஆயுதத்தோடும் ஆட்களோடும் இனி இவன் அந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார் தூதர்.

"வரமாட்டார். துடுப்பு ஆயுதமா, தூதரே?" என்று கேட்டார் பூவராகன்.

"துடுப்பு எப்படி ஆயுதமாகும்?"

"நல்லது. மகாராஜா, எல்லைத்துறையில் ஓடக்காரர் வேலை காலியாக இருக்கிறது. கொம்பையாவுக்குக் கொடுங்கள்."

தூதர் துள்ளி எழுந்தார். "மறுபடியும் ஆற்றைத் தாண்டுவானே!"

"தளபதி தாண்டினால்தான் ஐயா குற்றம். ஓடக்காரர் தாண்டாவிட்டால் குற்றம்."

அரசரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பூவராகனுக்குப் போர்த்தினார்.

கொம்பையா ஓடக்காரன் ஆனான். பல்லக்கு போயிற்று, குதிரை போயிற்று. கரையில் குதிரைப்படை போகும் சத்தம் கேட்டால் மட்டும் அவன் கை சற்று நிற்கும். ஆனால் திருடர்கள் துறையில் நிற்பவன் யாரென்று எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

அவன் ஓடத்தில் ஏறிய முதல் ஆள் அந்தத் தூதர்தான். ஊர் திரும்ப அவருக்கு வேறு வழியில்லை. பாதி ஆற்றில் கொம்பையா துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஓடம் மெல்லச் சுழன்றது.

"ஏனப்பா நிறுத்திவிட்டாய்?"

"உத்தரவு வேண்டுமே ஐயா. தாண்டட்டுமா?"

தூதர் இரண்டு கையாலும் ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தாண்டுங்கள், தளபதியாரே."