தீர்ப்புக்கு முந்திக் கட்டிய மாலை

ராஜாக்களுக்கு இரண்டு காது இருந்தும் ஊர் பேசுவது மட்டும் எட்டாத முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு ராஜாவுக்குத் திடீரென்று ஊர் பேசுவது கேட்டுவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஊர் பேசியது ஒரு கொலை வழக்கை. நகரக் காவல் தலைவன் வல்லபராயன் குதிரையில் வந்தபோது, விறகுச் சுமையோடு நின்ற சடையன் ஒதுங்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டான். அந்தக் குற்றத்துக்காகக் கொட்டடிக்கு நடந்து போனவன் மறுநாள் பிணமாக வந்தான். "வழுக்கி விழுந்தான்" என்றான் வல்லபராயன். காவலர்கள் அவசர அவசரமாகக் கொண்டுபோய் எரித்தும் விட்டார்கள்.

"என் புருசனுக்கு ஒரு முழம் பூப்போடக்கூட விடலையே மகாராசா!" என்று சடையன் மனைவி பேச்சி சபையில் வந்து விழுந்தாள். நாற்பது நாள் விசாரணை நடந்தது. கண்ணால் கண்ட ஒரே சாட்சி, கொட்டடி வாசற்காவலன் இருளப்பன், காய்ச்சல் என்று தலைகாட்டவேயில்லை. ஆடிக் கடைசி வெள்ளியில் தீர்ப்பு என்று முரசறைந்தார்கள்.

அவ்வளவுதான், படித்துறையிலும் சந்தையிலும் வேறு பேச்சில்லை. "தூக்குதான், பாரேன்" என்றான் ஒருவன். "போய்யா, பிரதானியோட மச்சினனைத் தூக்குல போடுவாங்களா?" என்றான் இன்னொருவன். சவரத்துக்கு உட்கார்ந்தவன் பாதி மீசையோடு எழுந்து சண்டைக்குப் போனான்.

ராஜா கொதித்தார். "நானே இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் ஊருக்கு எப்படித் தெரியும்?"

பிரதானி திருமலையார் பணிவாகக் குனிந்தார். "வழக்கைப் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு ஐம்பது கசையடி என்று உத்தரவிடுங்கள், பிரபு. பேச்சியிலிருந்து தொடங்கலாம். முதலில் வாயைத் திறந்தவள் அவள்தானே."

பக்கத்தில் விகடகவி கூத்தபிரான் நின்றிருந்தான். வாய் சும்மா இருக்குமா? "மகாராஜா, யாருக்காவது நிஜமாகவே தெரிந்திருந்தால்?" என்று கேட்டுவிட்டான்.

ராஜாவுக்கு வீம்பு வந்துவிட்டது. "அப்படியானால், நான் சொல்லும் முன்பே என் தீர்ப்பை அறிந்தவன் ஒருவனைக் கொண்டு வா. ஊகிக்கிறவன் வேண்டாம், அறிந்தவன் வேண்டும். தீர்ப்பு நாளுக்குள் வராவிட்டால் கசையடி உத்தரவு. முதல் அடி பேச்சிக்கு, அடுத்தது உனக்கு."

கூத்தபிரான் மூன்று நாள் அலைந்தான். ஊரில் ஆயிரம் வாய், ஆயிரம் ஊகம். பேச்சியின் முதுகை நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பூக்கடைத் தெருவில், எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் வாய் திறக்காமல் நார் கிழித்துக்கொண்டிருந்தார். மாலை கட்டும் குமரப் பண்டாரம்.

"நீர் ஏனய்யா பேசவில்லை?"

"பேச ஏது சாமி நேரம்? நாளைக்கு ஆளுயர மாலை கொடுக்கணும்."

"கல்யாணமா?"

"ஆடி மாசத்துல எவன் சாமி கல்யாணம் வைப்பான்?"

"அம்மனுக்கா?"

"அம்மனுக்கு அரளி மாலை தனியா இருக்கு. இது ரோஜாவும் சம்பங்கியும். காவல் தலைவர் விடுதலையாகி யானை மேல வரப்போறாராம். பிரதானி ஐயாவே கூப்பிட்டுச் சொன்னாரு."

கூத்தபிரானுக்கு அப்போதுதான் பசித்தது.

மறுநாள் சபையில் ராஜா ஓலையும் எழுத்தாணியுமாக அமர்ந்தார். "கொண்டு வந்தாயா?"

"வெளியே நிற்கிறார், மகாராஜா."

பண்டாரம் உள்ளே வந்தார். பின்னால் மூங்கில் கழியில் மாலையைத் தொங்கவிட்டு இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். பிரதானியின் முகத்தில் ஈயாடவில்லை.

"என் தீர்ப்பு உனக்குத் தெரியுமா?" என்றார் ராஜா.

"விடுதலைங்க மகாராசா" என்றார் பண்டாரம். "நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டாங்களே. தெரியாமலா நார் ஊற வைப்பேன்?"

ராஜா தம் கையிலிருந்த ஓலையைப் பார்த்தார். அதில் ஓர் எழுத்தும் இல்லை. "யார் சொன்னது?"

பண்டாரம் பிரதானியைக் காட்டினார். "ஏதோ... ஒரு நம்பிக்கையில்..." என்று குழறினார் திருமலையார்.

"நம்பிக்கை இருப்பவன் கோயிலுக்கு நேர்ந்துகொள்வான், மகாராஜா" என்றான் கூத்தபிரான். "யானைக்கும் மாலைக்கும் சொல்லி வைப்பவன் சாட்சி வரமாட்டான் என்று அறிந்தவன். அவனை ஒளித்து வைத்தவருக்குத்தானே அது தெரியும்? காய்ச்சல்காரனைப் பிரதானியாரின் தோப்பில் தேடச் சொல்லுங்கள்."

வீரர்கள் ஓடினார்கள். காய்ச்சல்காரன் தோப்பு வீட்டில் தலைவாழை இலை முன்னால் மூன்றாவது முறையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தானாம். கை கழுவாமலே சபைக்கு வந்து சேர்ந்த இருளப்பன், ராஜாவைக் கண்டதும் விழுந்து அழுதான். "காவல் தலைவர் அடிச்சே கொன்னாருங்க. நான் பார்த்தேன். சொன்னா எனக்கும் அதே கதின்னு பிரதானி ஐயா மிரட்டினாருங்க" என்றான்.

ராஜா ஓலையில் எழுதினார். வல்லபராயனுக்குத் தூக்கு. திருமலையாருக்கு அதே கொட்டடி. கசையடிப் பேச்சு கைவிடப்பட்டது.

பிறகு ராஜா பெருமூச்சு விட்டார். "ஆக, ஊருக்கெல்லாம் என்னென்னவோ தெரிந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாதவன் நான் ஒருவன்தானா?"

"இல்லை மகாராஜா, இருளப்பனும் உண்டு. இன்னும் எத்தனை பாயசம் வருமென்று அவனுக்குத் தெரியாமல் போய்விட்டதே."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார், சபையும் சிரித்தது. தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"அந்தப் பூமாலை வேண்டும்."

இரண்டு பேர் சுமந்த மாலையைக் கூத்தபிரான், தீர்ப்புக் கேட்கச் சபை ஓரத்தில் வந்து நின்ற பேச்சியின் முன்னால் இறக்கி வைக்கச் சொன்னான். அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு முழந்தானே சாமி கேட்டேன்" என்றாள். நாற்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.