ஐந்து எண்ணி ஒரு மூச்சு

தணிகாசலத்தின் பதினாறாம் நாள் காரியம் மறுநாள். அருளானந்தம் போவதாக இல்லை. ஆனாலும் மாஸ்டரிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று விடிந்ததுமே படகுத்துறைக்கு வந்துவிட்டார்.

மாஸ்டர் என்றால் ஜெசிந்தா. தூத்துக்குடியில் சங்கு குளித்த குடும்பம். அருளானந்தத்தைவிடப் பதினாறு வயது இளையவர். ஐம்பது கடந்த அருளானந்தத்துக்குச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொடுத்தவர்.

"என்ன சார், ஆளே பாதியாயிட்டீங்க?"

"நாளைக்குக் காரியம். அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிக்கிறது, மாஸ்டர்?"

நடந்தது எல்லாருக்கும் தெரியும். தன்னோடு கடலில் இறங்கி, ஆழத்தில் அசைவற்றுக் கிடந்த தணிகாசலத்தை மேலே கொண்டுவந்தவர் அருளானந்தம்தான். தூரத்தில் நின்ற படகின் இன்ஜின் கிளம்பவில்லை. அவனை மல்லாத்தி இழுத்தபடி, ஐந்து எண்ணி ஒரு மூச்சு, ஐந்து எண்ணி ஒரு மூச்சு என்று வாயில் ஊதிக்கொண்டே படகுவரை நீந்தினார். பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி பூங்கோதை இவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நம்பிக்கையை விடலையே அண்ணா" என்று அழுதார்.

யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது.

"பாதி வழியிலேயே மனசு சொல்லிடுச்சு, மாஸ்டர். இவன் போயிட்டான்னு. அதுக்கப்புறம் ஊதினதெல்லாம் படகுல இருந்தவங்க பாக்கிறாங்களேன்னுதான். அது மூச்சா, நடிப்பா?"

ஜெசிந்தா தன் மிதவை ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஜாக்கெட்டை மாட்டுங்க" என்றார்.

துறையில் நின்ற படகு கண்ணுக்குச் சிறிதாகும் தூரம் இருவரும் நீந்திப் போனதும், ஜெசிந்தா "நான் மயங்கிட்டேன். கொண்டுபோய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அருளானந்தம் அவருடைய ஜாக்கெட்டில் காற்றேற்றினார். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈய எடையைக் கழற்றினார். மாஸ்க்கை நீக்கி, தாடையை உயர்த்திப் பிடித்தார். பயிற்சி என்பதால் கன்னத்தோரம் ஊதினார். எண்ணினார். இழுத்தார்.

பாதி தூரத்தில் ஜெசிந்தாவின் கை தானாக விரிந்து அலையோடு ஆடியது. உதடு வெளுத்திருந்தது.

"மாஸ்டர்?"

தோளை உலுக்கினார்.

"மாஸ்டர், விளையாடாதீங்க."

அருளானந்தம் நின்றார். தாடையை விட்டுவிட்டு இமையைத் தூக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை ஜெசிந்தாவின் முகத்தின்மேல் ஏறிப் போனது.

ஜெசிந்தா இருமிக்கொண்டு எழுந்தார்.

"கொன்னுட்டீங்களே சார்!"

"நிஜமாவே மயக்கமோன்னு..."

"அதுக்கு?"

"பாத்துடலாம்னு நின்னேன்."

"எத்தனை எண்ணியிருப்பீங்க?"

"எண்ணலை."

"நான் எண்ணினேன். பதினேழு."

அருளானந்தம் முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவர் போயிட்டார்னு தோணின பிறகு எங்கேயாவது நின்னீங்களா?"

"இல்லை."

"அஞ்சு எப்பவாவது ஆறாச்சா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். அந்தத் தூரம் முழுவதையும் மனதுக்குள் இன்னொரு முறை நீந்திப் பார்ப்பவரைப்போல.

"இல்லை."

"மூக்குல தண்ணி?"

"ஒரு சொட்டு ஏற விடலை."

இருவரும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது, மாஸ்டர்?"

"என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. நம்பிக்கை பாதியில போயிடுச்சு, மூச்சு படகு வரைக்கும் வந்துச்சுன்னு."

சொல்லிவிட்டு ஜெசிந்தா மறுபடி மல்லாந்தார். கண்ணை மூடினார்.

"இன்னும் பாதி தூரம் இருக்கு சார். ஒண்ணுல இருந்து எண்ணுங்க."